குழாய்த் தொழிலில் கைகண்ட கருவிகள்

பெருநகரங்களுக்குக் குடிநீர் வந்த வரலாற்றை எழுதியவர்கள் ஏரிகளை அமைத்தவர்களையும் நீரேற்று நிலையங்களைத் திட்டமிட்டவர்களையும் மறவாமல் குறித்துவைத்தார்கள். பம்பாயின் விகார் ஏரியைப் பற்றி எழுதுவோர் பொறியாளர் ஹென்றி கானிபேரின் பெயரைச் சொல்லாமல் விடுவதில்லை. ஆனால், ஏரியிலிருந்து புறப்பட்ட நீர் நம் வீட்டுத் தொட்டியில் விழுவதற்குள் எத்தனை மூட்டுகள், எத்தனை வளைவுகள், எத்தனை அடைப்புகள்! அந்த ஒவ்வோர் இடத்திலும் ஒருவர் குனிந்து, முழங்காலிட்டு, கை நுழையாத சந்தில் கையை நுழைத்து வேலை செய்திருக்கிறார். அவருக்கு வேண்டிய கருவி பெரும்பாலும் கடையில் கிடைத்ததில்லை. கயிறு, களிமண், மூங்கில், கிழிந்த துணி என்று அகப்பட்டதைக் கொண்டு அவரே செய்துகொண்டார். அவ்வாறு தோன்றிய கருவிகளைப் பற்றியே இங்கே பேசப் புகுகிறோம்.

கரோல்பாக்கிலோ மாதுங்காவிலோ வாழும் நம்மவர் வீட்டில் குழாய் ஒழுகினால் ஒரு மிஸ்திரி வருகிறார். அவருடைய கான்வாஸ் பையைக் கவிழ்த்தால், கடையில் வாங்கிய ரெஞ்சுக்கும் வெட்டுளிக்கும் பக்கத்தில் வேறு சில பொருள்களும் விழும். நுனி வளைத்த கம்பி ஒன்று. சைக்கிள் டியூபிலிருந்து வெட்டிய இரப்பர்த் துண்டுகள். ஒரு பிடி சணல். சில வேளைகளில் சைக்கிள் சங்கிலியை ஓர் இரும்புத் தண்டின் நுனியில் பற்றவைத்த விசித்திரமான ஆயுதம் ஒன்றும் இருக்கும். நாம் இவற்றை ஒப்பேற்றும் வேலை என்று கருதிவிடுகிறோம். தொழிலின் வரலாறோ வேறு விதமாகச் சொல்லுகிறது.

'பிளம்பர்' என்ற சொல்லே ஈயத்திலிருந்து பிறந்தது. ஈயத்திற்கு இலத்தீன் மொழியில் 'ப்ளும்பும்' என்று பெயர். உரோமாபுரியின் தொழிலாளர்கள் ஈயத் தகட்டை ஒரு மரத்தண்டின்மேல் சுற்றி, இரு விளிம்புகளையும் சேர்த்து ஒட்டிக் குழாய் செய்தார்கள். மரத்தண்டை உருவிவிட்டால் குழாய் ஆயிற்று. கி. பி. 97-இல் அந்நகரின் நீர்வழங்கலுக்குப் பொறுப்பேற்ற ஃபிராண்டினஸ் தம் நூலில் சுவையான செய்தி ஒன்றைத் தருகிறார். தெருக்களின் தளவரிசைக்கு அடியில், கணக்கில் வராத கிளைக் குழாய்கள் பல ஓடின. 'துளைப்போர்' என்றே பெயர் பெற்ற ஆட்கள் பொதுக் குழாயில் துளையிட்டு, வழியிலுள்ள கடைகளுக்கெல்லாம் இரகசியமாக நீர் கொடுத்துவந்தார்கள். அவற்றைப் பிடுங்கியெடுத்தபோது கிடைத்த ஈயத்தின் அளவைக்கொண்டே திருட்டின் அளவை மதிப்பிடலாம் என்கிறார் அந்த அதிகாரி. கைத்திறன் எப்போதும் நல்ல காரியத்திற்கே பயன்பட்டது என்று நாம் சொல்லவில்லை.

அவருக்கு ஒரு நூற்றாண்டுக்கு முன் வாழ்ந்த விட்ருவியஸ் என்னும் கட்டடக்கலை அறிஞர், ஈய வேலை செய்வோரின் உடல் வெளிறியிருப்பதைக் கண்டு, மண்குழாய் நீரே நலம் தரும் என்று எழுதினார். அதற்குப் பின்னும் ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகள் உலகம் ஈயத்தை விடவில்லை. காரணம் எளிது. ஈயம் மென்மையானது. சிறு கத்தியும் மரக்கொட்டாப்புளியும் இருந்தால், சொன்ன சொல்லுக்கு வளையும்.

ஈயக்குழாய்கள் இரண்டை இணைப்பது தனிக் கலை. ஆங்கில நாட்டுக் குழாய்த் தொழிலாளர் உருக்கிய பற்றாசை மூட்டின்மேல் ஊற்றி, அது பிசைந்த மாவின் பதத்தில் இருக்கும்போதே துணியால் வழித்து உருண்டையாக்குவார்கள். அத்துணி தடித்த பருத்தித் துணி. பல மடிப்பாக மடித்துத் தைத்து, விலங்குக் கொழுப்பில் ஊறவைத்தது. தன் கைக்கும் விரலுக்கும் ஏற்றபடி அதைத் தொழிலாளி தானே செய்துகொள்வான். பற்றாசு ஒட்டக்கூடாத இடங்களில் விளக்குக் கரியையும் பசையையும் கலந்து பூசுவான். துணியும் கரியும்! இவ்விரண்டும் இல்லாமல் விக்டோரியா காலத்து மாளிகை எதிலும் தண்ணீர் ஓடியிராது.

இனி மரக்குழாய்க்கு வருவோம். 1613-இல் 'புதிய ஆறு' என்ற கால்வாய் வழியாக இலண்டனுக்கு நீர் கொணரப்பட்டது. அந்நீர் தெருக்களில் ஓடியது எல்ம் மரத்தடிகளைக் குடைந்த குழாய்களில்தான். நீண்ட துளையிடும் கருவியால் தடியின் நடுவைக் குடைந்து, ஒரு முனையைக் கூராகச் சீவி, அடுத்த தடியின் அகன்ற வாயில் செருகிவிடுவார்கள். எங்கேனும் தீப்பிடித்தால் என்ன செய்வது? ஆட்கள் தெருவைத் தோண்டி, மரக்குழாயில் துளையிட்டு, குழியில் தேங்கும் நீரை வாளிகளில் அள்ளினார்கள். தீ அணைந்தபின் துளையில் ஒரு மரமுளையை அறைந்து மூடினார்கள். நாளடைவில் அம்முளைகளை முன்கூட்டியே குறித்த இடங்களில் அமைத்துவைக்கும் முறை வந்தது. அமெரிக்காவில் தெருவோரத் தீயணைப்புக் குழாயை இன்றும் 'தீ முளை' என்ற பொருள்படும் சொல்லால் அழைக்கிறார்கள். அவசரத்தில் அடித்த முளை சொல்லாகி நிலைத்துவிட்டது.

மரத்தின் இடத்தை இரும்பு பிடித்துக்கொண்டபோது புதிய தொல்லை பிறந்தது. வார்ப்பிரும்புக் குழாயை வளைக்க முடியாது. தட்டிச் சேர்க்கவும் முடியாது. 1785-இல் செல்சி நீர் நிறுவனத்தைச் சேர்ந்த தாமஸ் சிம்சன் ஒரு வழி கண்டார். ஒரு குழாயின் முனை மணியைப்போல் அகன்றிருக்கும். மற்றதன் முனை அதனுள் நுழையும். இடைவெளியில் தாரில் தோய்த்த சணற்கயிற்றைத் திணித்து, அதன்மேல் உருக்கிய ஈயத்தை ஊற்றவேண்டும். இம்முறை உலகெங்கும் பரவியது.

ஆனால் படுக்கையாகக் கிடக்கும் குழாயில் ஈயத்தை எப்படி ஊற்றுவது? கீழ்ப்பாதியில் ஊற்றியது வழிந்து தரையில் விழுந்துவிடுமே! இங்கேதான் களிமண் கை கொடுத்தது. ஒரு கயிற்றைச் சுற்றிலும் பிசைந்த களிமண்ணைப் பூசி, பாம்புபோல் உருட்டி, மூட்டைச் சுற்றி மாலையாக இட்டார்கள். உச்சியில் மட்டும் புனல்போல் ஒரு வாய் விட்டு, அதன் வழியே ஈயத்தை ஒரே மூச்சில் ஊற்றினார்கள். இடையில் நிறுத்தினால் முன்னே ஊற்றியது இறுகிவிடும். பின்னே ஊற்றியது அதனோடு ஒட்டாது. அந்தப் பிளவில் நீர் கசியும். ஈயம் ஆறியதும் சிறிது சுருங்குமாதலால், மழுங்கிய உளியால் சுற்றிச் சுற்றி அடித்து இறுக்கவும் வேண்டும்.

இவ்வேலையில் உயிருக்கே ஆபத்து ஒன்று உண்டு. மூட்டுக்குள் ஒரு துளி நீர் தங்கியிருந்தாலும், கொதிக்கும் ஈயம் அதன்மேல் பட்டவுடன் நீர் ஆவியாகி, ஈயத்தை ஊற்றுபவர் முகத்திலேயே வாரியடிக்கும். பள்ளத்தில் குனிந்திருப்பவனுக்கு ஒதுங்க இடம் ஏது? அனுபவசாலிகள் ஊற்றும் முன் மூட்டில் சிறிது குங்கிலியப் பொடியைத் தூவினார்கள். அதைக் கண்டுபிடித்தவர் எவர் என்பதற்குப் பதிவு இல்லை. முகத்தில் தழும்பு உள்ள ஒருவராகத்தான் இருந்திருப்பார் என்று நமக்குத் தோன்றுகிறது.

பாரத நாட்டுப் பெருநகரங்களுக்கு நீர்க்குழாய் வந்தது இந்த இரும்புக் காலத்தில்தான். 1854-இல் பம்பாயைப் பெரும் தண்ணீர்ப் பஞ்சம் வாட்டியது. அதன் பயனாக விகார் ஏரித் திட்டம் 1856-இல் தொடங்கி 1860-இல் முடிந்தது. 32 அங்குல இரும்புக் குழாய் நகருக்கு நீரைக் கொணர்ந்தது. 1870 அளவில் பல்தாவில் வடிகட்டிய கங்கைநீர் கல்கத்தாவை அடைந்தது. 1872-இல் செங்குன்றத்து ஏரிநீர் திறந்த கால்வாய் வழியாகக் கீழ்ப்பாக்கம் வந்து, அங்கிருந்து குழாய்களில் சென்னைத் தெருக்களுக்குள் புகுந்தது. மூன்று நகரங்களிலும் ஊருக்குள் குழாய் புதுமை. அதைப் பழுதுபார்ப்போரும் புதியவர்.

நூல்களில் காணாத சிக்கல்களைத் தீர்க்கப் பெரிய அறிஞர்களும் இதே வழியையே நாடினார்கள் என்பதற்கு ஒரு சான்று காட்டலாம். கிளாஸ்கோ நகரின் நீர் நிறுவனத்திற்கு 1811 அளவில் ஓர் இக்கட்டு நேர்ந்தது. மணலில் இயற்கையாக வடிகட்டிய நல்ல நீர் கிளைட் ஆற்றின் ஒரு கரையில், எந்திரங்களோ மறுகரையில். ஆற்றின் அடித்தளமோ மேடும் பள்ளமுமாக, நிலையற்றது. விறைத்த இரும்புக் குழாயை அதில் கிடத்த இயலாது. நீராவி எந்திரத்தால் புகழ்பெற்ற ஜேம்ஸ் வாட்டை அணுகினார்கள். எழுபத்தைந்து வயது முதியவரான அவர், சிங்கி இறாலின் வாலை நோக்கினார். ஓடு கடினம், ஆயினும் வால் வளைகிறது, கணுக்கணுவாக இருப்பதே காரணம். அவ்வாறே உருண்டை மூட்டுகளால் கோத்த இரும்புக் குழாயை அவர் வரைந்து கொடுத்தார். ஆற்றடியின் மேடுபள்ளத்திற்கு ஏற்பக் குழாய் படுத்துக்கொண்டது.

கண்ணுக்குத் தெரியாத கசிவைக் கண்டுபிடிப்பது மற்றோர் இடர்ப்பாடு. தெருவுக்கு அடியில் எங்கோ நீர் வீணாகிறது, எங்கே தோண்டுவது? இதற்கு உதவியது ஒரு கோல். மரக்கோலின் ஒரு முனையை வால்வின்மேல் ஊன்றி, மறுமுனையைக் காதோடு வைத்துக்கொண்டால், கசியும் நீரின் சீறல் கேட்கும். 1873-இல் லிவர்பூல் நகரின் நீர்ப் பொறியாளர் ஜார்ஜ் டீக்கன், ஒரு வட்டாரத்தின் நீரோட்டத்தைத் தாளில் தானே வரைந்து காட்டும் மானியைச் செய்தார். இரவில் ஊர் உறங்கியபின்னும் மானி ஓட்டத்தைக் காட்டினால், கசிவு உண்டென்று பொருள். மானி வட்டாரத்தைச் சொல்லும்; வீட்டைச் சொல்லாது. அதைக் கண்டுபிடிக்க நள்ளிரவில் ஆட்கள் தெருத் தெருவாகச் சென்று, காதை வைத்துக் கேட்டார்கள். மின்னணுக் கருவிகள் வந்துவிட்ட பிறகும் அந்தக் கோல் மறையவில்லை.

நம் மிஸ்திரி தோளில் சாய்த்துவரும் ரெஞ்சுக்கும் ஒரு கதை உண்டு. உருண்டையான குழாயைச் சாதாரண ஸ்பானர் பிடிக்காது, வழுக்கும். முற்காலத்தில் கயிற்றைக் குழாயில் பல சுற்றுச் சுற்றி, அதில் ஒரு கழியைச் செருகி முறுக்கினார்கள். சைக்கிள் சங்கிலியைத் தண்டில் பற்றவைப்பவர் இன்று செய்வதும் அதுவே. அமெரிக்காவில் வால்வொர்த் நிறுவனத்தில் வேலை பார்த்த டேனியல் ஸ்டில்சன், பற்கள் கொண்ட இரு தாடைகளில் ஒன்று சற்றே ஆடும்படி அமைத்தார். அழுத்த அழுத்தப் பிடி இறுகும். 'குழாய் முறியவேண்டும், அல்லது உம் கருவி உடையவேண்டும், சோதித்துப் பாரும்' என்று முதலாளி கூறினாராம், குழாய்தான் முறிந்ததாம். 1869-இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. அவர் பெயராலேயே அக்கருவி உலகெங்கும் விற்கப்படலாயிற்று.

அதே நாட்டில், பொருளாதார மந்தம் சூழ்ந்த ஆண்டுகளில், அயோவா மாநிலத்து டி மாய்ன் நகரில் சாமுவேல் பிளாங்க் என்பவருடைய மகன் வீட்டுச் சாக்கடையை மரவேர்கள் அடைத்துக்கொண்டன. தெருவைத் தோண்டுவதே அன்றைய வைத்தியம். பிளாங்க் ஒரு துணி துவைக்கும் எந்திரத்தின் மோட்டாரை எடுத்து, சிறு சக்கரங்களின்மேல் ஏற்றி, ஓர் எஃகு வடத்தின் நுனியில் கத்திகளைப் பொருத்திச் சுழலவிட்டார். வடம் குழாய்க்குள் பாம்பாக ஊர்ந்து வேர்களை அறுத்தது. 1935-இல் அது 'ரோட்டோ-ரூட்டர்' என்ற பெயரில் நிறுவனமாகவே வளர்ந்தது. அந்நாட்டார் செய்யும் வேறொரு தந்திரம் நமக்கு வேடிக்கையாயிருக்கும். செம்புக் குழாயைப் பற்றவைக்கும்போது உள்ளிருந்து நீர் சொட்டினால் பற்றாசு ஒட்டாது; எனவே ரொட்டித் துண்டு ஒன்றைக் குழாய்க்குள் அடைத்துவிடுவார்கள். வேலை முடிந்து நீரைத் திறந்தால் ரொட்டி கரைந்து போய்விடும்.

நம் நாட்டில் குழாய்க்குள் என்ன இருக்கிறது என்பது வேறு விதக் கவலையையும் எழுப்பியது. அக்காலக் குழாய்களில் வாஷர் தோலால் ஆனது. தோல் பட்ட நீரை ஆசாரம் மிக்கோர் எப்படிப் பருகுவர்? ஆகவே பல குடும்பங்களில் பூசைக்கும் சமையலுக்கும் கிணற்றுநீரே நெடுநாள் பயன்பட்டது. பின்னர் இரப்பர் வந்தது. சைக்கிள் டியூபை வட்டமாக வெட்டி வாஷராக்கியவர்களும், கசியும் குழாயின்மேல் அதே டியூபைச் சுற்றிக் கம்பியால் இறுக்கியவர்களும், தம்மையறியாமல் ஓர் ஆசாரச் சிக்கலையும் தீர்த்துவைத்தார்கள்.

மரைக்குழாய்களின் இணைப்பில் சணல் நாரைச் சுற்றி, வட நாட்டில் 'சபேதா' என்று வழங்கும் வெள்ளைக் களிம்பைத் தடவுவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். சணலைத் திருகும் திசையிலேயே சுற்றவேண்டும். எதிர்த்திசையில் சுற்றினால் இறுக்கும்போது அவிழ்ந்துவிடும். நீர் பட்டால் சணல் உப்பும். உப்பினால் கசிவு தானே அடைபடும். களிம்பில் மட்டும், நெடுங்காலம், விட்ருவியஸ் அஞ்சிய அதே ஈயம் இருந்தது.

தில்லியிலும் பெங்களூரிலும் மும்பையிலும் இவ்வேலைக்கு வருபவர்களின் ஊரைக் கேட்டால், ஒடிசாவின் கேந்திரபாரா மாவட்டத்தைச் சொல்பவர்கள் மிகப் பலர். அதிலும் பட்டாமுண்டை என்ற ஊரைச் சுற்றியுள்ளவர்கள். 1930-களில் கல்கத்தாவிலிருந்த பிரிட்டிஷ் குழாய் நிறுவனங்கள் அப்பகுதி இளைஞர்களை வேலைக்கு எடுத்துப் பழக்கின. 1947-இல் நாடு பிரிந்தபோது கல்கத்தாவில் அத்தொழில் செய்துவந்த கிழக்கு வங்காளத்தார் பலர் போய்விட, ஒடியர்கள் அந்த இடத்தை நிரப்பினார்கள். பிறகு அண்ணன் தம்பியையும், மாமன் மருமகனையும் அழைத்துச் செல்ல, ஒரு வட்டாரமே குழாய்த் தொழிலில் தேர்ந்துவிட்டது. பட்டாமுண்டையில் இன்று அரசின் குழாய்த் தொழில்நுட்பப் பயிற்சி நிலையமும் இருக்கிறது. வேற்று மாநிலத்தில் பிழைக்க வந்து, ஒருவர் கையைப் பிடித்து ஒருவர் ஊன்றிக்கொண்ட கதையை நமக்கு எவரும் விளக்கவேண்டியதில்லை. மிஸ்திரியின் ஊரையும் பேரையும் கேட்டறிவது நல்ல வழக்கம்.

இதுகாறும் சொன்னவை நல்ல நீர் ஓடும் குழாய்கள் பெரும்பாலும். கழிவுநீர்க் குழாயின் கதை வேறு. கல்கத்தாவில் 1859-இல் தொடங்கிய செங்கல் பாதாளச் சாக்கடைகளும், பின்னர் மற்ற நகரங்களில் அமைந்தவையும், அடைபடும் காலத்தில் எப்படித் திறக்கப்பட்டன? நாட்டின் பல பகுதிகளிலும் கருவி ஒன்றே: மூங்கில் பிளாச்சு. பச்சை மூங்கிலை நீளவாக்கில் பிளந்து, பல பிளாச்சுகளை ஒன்றோடொன்று கட்டி, ஓர் ஆள்குழியிலிருந்து அடுத்த ஆள்குழிக்குச் செலுத்துவார்கள். மூங்கில் வளையும், ஒடியாது, நீரில் நனைந்தும் வலுக் குறையாது. வாட்டின் இறாலுக்கும் பிளாங்கின் வடத்துக்கும் இது சிறிதும் தாழ்ந்ததன்று.

ஆனால் பிளாச்சு போகாத இடத்தில் என்ன செய்தார்கள் என்று கேட்டால், விடை கசப்பானது. மனிதனை இறக்கினார்கள். மற்ற இடங்களிலெல்லாம் கருவி இல்லாதபோது கருவியைப் படைத்தவர்கள், இங்கே மட்டும் குறிப்பிட்ட சில சாதிகளில் பிறந்தவர்களின் உடலையே கருவியாக்கிக்கொண்டார்கள். மலிவான ஆள் கிடைத்தவரையில் எந்திரத்தைப் பற்றி எவரும் சிந்திக்கவில்லை. குழியில் தேங்கும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு, சிறிதளவானால் அழுகிய முட்டைபோல் நாறும். அளவு மிகுந்தால் மோப்ப உணர்வையே மழுங்கச் செய்துவிடும். நாற்றம் நின்றதென்று எண்ணுபவர் அடுத்த மூச்சில் விழுகிறார். அவரைத் தூக்க இறங்குபவரும் விழுகிறார். விளக்கை இறக்கிப் பார்க்கும் பழைய சோதனை பிராணவாயு குறைவதைக் காட்டுமேயன்றி இந்நஞ்சைக் காட்டாது. மீத்தேன் இருந்தால் வெடிக்கவும் கூடும். ஈய அசிடேட்டில் நனைத்த தாள் இவ்வாயு பட்டால் கறுக்கும். அந்த ஒரு தாளையாவது முதலில் இறக்கவேண்டும் என்ற விதியைக்கூடப் பல இடங்களில் பின்பற்றவில்லை.

மனிதக் கழிவை மனிதர் அகற்றுவதைத் தடுக்கும் சட்டம் 1993-இல் வந்தது. அதைவிட விரிவான சட்டம் 2013-இல் வந்தது. 1993 முதல் சாக்கடையில் இறந்தவர்களின் குடும்பத்துக்குத் தலா 10 இலட்சம் ரூபாய் வழங்கவேண்டுமென்று 2014-இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 2023-இல் அத்தொகையை 30 இலட்சமாக உயர்த்தியது. தொகையை உயர்த்த வேண்டியிருந்தது என்பதிலிருந்தே சாவுகள் நிற்கவில்லை என்பது விளங்கும்.

கேரளத்தில் 2015-இல் கோழிக்கோட்டில் ஆள்குழியில் இறங்கிய தொழிலாளர் இருவரும், அவர்களைக் காப்பாற்றச் சென்ற வழிப்போக்கர் ஒருவரும் உயிரிழந்தனர். அதன்பின் அம்மாநிலத்து இளம் பொறியாளர்கள் சிலர் 'பேண்டிகூட்', அதாவது பெருச்சாளி, என்று பெயரிட்ட ஓர் எந்திரத்தை உருவாக்கினார்கள். 2018-இல் திருவனந்தபுரத்தில் அது வேலையில் இறங்கியது. சிலந்திபோல் கால்களை விரித்து ஆள்குழியின் சுவரில் ஊன்றிக்கொண்டு, காமிராவால் பார்த்து, மண்ணையும் குப்பையையும் வாளியில் வாரி மேலே அனுப்புகிறது. முன்பு குழியில் இறங்கியவர்களே பயிற்சி பெற்று, மேலே நின்று அதை இயக்குகிறார்கள். வேறு பல மாநிலங்களுக்கும் அது சென்றிருக்கிறது. எனினும் விலை அதிகம். சிறு நகராட்சிகளுக்கு எளிதில் கிட்டுவதில்லை. வண்டி நுழையாத சந்துகளில் இன்னமும் மூங்கில் பிளாச்சையே காண்கிறோம். அதைப் பிடித்திருப்பவர் தெருவில் நிற்கிறாரா, குழிக்குள் நிற்கிறாரா என்பதை நாம் குடியிருக்கும் தெருவிலேயே பார்த்துக்கொள்ளலாம். குழிக்குள் நின்றால் நகராட்சிக்கு ஒரு கடிதம் எழுத எந்த மாநிலத்து மொழியும் போதும்.